வாடாமல்லி முதல் ஜின்னியா வரை: வாடகை வீட்டு பால்கனியில் பூ வளர்த்து, வெட்டி, உலர்த்தி வைப்பது எப்படி?

'வாடாமல்லி கலர்' என்று சொன்னால் எந்த நிறம் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு பட்டுப்புடவையாவது அந்த நிறத்தில் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பூ ஏன் வாடுவதில்லை? அதை பெங்களூருவிலோ புனேயிலோ டெல்லியிலோ இருக்கும் உங்கள் பால்கனியில் வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். விதை போட்ட மூன்று மாதத்தில் பூ வந்துவிடும். வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் உலர்ந்துவிடும். வெயில் படாமல் வைத்தால் ஒரு வருடம் கழித்தும் நிறம் தெரியும். வாடாமல்லி மட்டுமல்ல, ஜாடியில் வைக்கவும் உலர்த்தவும் ஏற்ற இன்னும் சில பூக்கள் இருக்கின்றன. எதை, எப்போது விதைப்பது? எப்போது வெட்டுவது? எப்படிக் காயவைப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு பருவப் பூச்செடி: வாடகை வீட்டுக்கு ஏன் பொருத்தம்?

நர்சரிக்குப் போனதும் நாம் வாங்குவது பெரும்பாலும் ரோஜா. வாங்கும்போது நான்கு பூ இருக்கும். அடுத்த மாதம் இலை கொட்டும், அப்புறம் குச்சிதான் நிற்கும். 'எனக்குக் கை ராசி இல்லை' என்று தொட்டியை ஓரங்கட்டிவிடுவோம். தப்பித்தவறி ரோஜா நன்றாக வந்துவிட்டாலும், 11 மாத வாடகை ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது அதை என்ன செய்வது என்ற கேள்வி வரும்.

ஒரு பருவப் பூச்செடிகளின் கணக்கு வேறு. முளைப்பது, வளர்வது, பூப்பது, விதை விடுவது, காய்ந்து போவது எல்லாமே நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் செடி காய்வது உங்கள் தவறு இல்லை, அதன் ஆயுளே அவ்வளவுதான். ஒரே ஒப்பந்த காலத்தில் இரண்டு சுற்று வளர்க்கலாம். வீடு மாறும்போது தொட்டியைத் தூக்க வேண்டியதில்லை. உலர்ந்த பூங்கொத்து ஓர் அட்டைப்பெட்டியில் வரும், விதைகள் ஒரு காகித உறையில் வரும்.

இந்தச் செடிகளிடம் நிறைய பூ வாங்க வேண்டுமானால் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பூவை வெட்ட வேண்டும்.

முதல் பூவை ஏன் வெட்டணும்?

ஆசையாக வளர்த்த செடியின் முதல் பூவில் கத்தரி வைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் செடியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பருவச் செடிக்கு இருக்கும் ஒரே வேலை, சாவதற்குள் விதை விடுவது. பூ செடியிலேயே முதிர்ந்து விதையானால், செடியின் சத்து அங்கேதான் போகும். புது மொட்டுகள் குறையும்.

விதையாவதற்கு முன்பே பூவை வெட்டினால், செடி மறுபடி முயற்சி செய்யும். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கிளைகள் வரும், அவை இரண்டும் பூக்கும். ஜின்னியா, காஸ்மோஸ், வாடாமல்லி போன்றவற்றில் இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். வெட்டாமல் பத்திரமாக வைத்திருந்தால் பூ குறையும், வெட்டினால்தான் கூடும்.

இதே காரணத்துக்காகத்தான் நாற்று ஓரளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுகிறோம். செடி ஒரு முக்கால் அடி உயரம் வந்ததும், கீழிருந்து மூன்று, நான்கு ஜோடி இலைகளை விட்டுவிட்டு நுனியை வெட்டிவிடுங்கள். பூப்பது ஒரு வாரம் தள்ளிப்போகலாம். ஆனால் ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக நான்கைந்து தண்டுகள் கிடைக்கும். சேவல் கொண்டை மாதிரி மடிந்து மடிந்து பூக்கும் கோழிக்கொண்டை ரகத்தில் ஒரே பெரிய பூ வேண்டும் என்றால் மட்டும் கிள்ளாதீர்கள். ஸ்டாட்டிஸையும் கிள்ள வேண்டாம். அது தரையோடு இலையை விரித்து, நடுவிலிருந்து தண்டு அனுப்பும் செடி.

என்ன பூ வளர்க்கலாம்?

முதலில் ஒரு விஷயம். சில பூக்கள் உலர்ந்தும் அப்படியே இருப்பதற்குக் காரணம், நாம் 'இதழ்' என்று நினைப்பது உண்மையில் இதழ் இல்லை. வாடாமல்லியின் நிறமுள்ள உருண்டை முழுக்கக் காகிதம் போன்ற செதில்கள்தான். உண்மையான பூக்கள் அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளாக எட்டிப்பார்ப்பவை. செதில்களில் ஈரம் மிகக் குறைவு என்பதால் சுருங்க ஒன்றுமில்லை. அதனால்தான் வாடுவதில்லை.

வாடாமல்லி: பூர்வீகம் மத்திய அமெரிக்கப் பகுதி. ஊதா மட்டுமல்ல, வெள்ளை, இளஞ்சிவப்பு ரகங்களும் உண்டு. வெயிலைத் தாங்கும், பராமரிப்பு குறைவு. முதல் முறை வளர்ப்பவர்களுக்கு இதுதான் சரியான தொடக்கம்.

கோழிக்கொண்டை: கொண்டை மாதிரி ஒன்று, தீச்சுடர் மாதிரி ஒன்று, கோதுமைக் கதிர் மாதிரி ஒன்று என மூன்று வடிவங்களில் வரும். மூன்றும் நன்றாக உலரும். வாடாமல்லியும் இதுவும் ஒரே குடும்பம். பீட்ரூட்டுக்குச் சிவப்பு தரும் அதே வகை நிறமிதான் இவற்றிலும் இருக்கிறது.

ஹெலிக்ரைசம்: ஆஸ்திரேலியப் பூ. தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும். குளிர்ந்த, வறண்ட பருவம் பிடிக்கும்.

ஸ்டாட்டிஸ்: பொக்கேக்களில் ஊதா நிறத்தில் இடைவெளியை நிரப்பும் பூ. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது. நிறம் இருப்பது இதன் புல்லிவட்டத்தில், அதனால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பூ உதிர்ந்த பிறகும் நிறம் போகாது. இதற்கும் குளிர் வேண்டும்.

ஜின்னியா, காஸ்மோஸ்: இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோ. ஜாடியில் வைக்க அருமையானவை. ஜின்னியா நன்றாகக் கவனித்தால் ஒரு வாரம் நிற்கும், காஸ்மோஸ் நான்கைந்து நாள். ஆனால் இவை மென்மையான உண்மை இதழ்கள். தொங்கவிட்டு உலர்த்தினால் சுருங்கிவிடும். வேறு வழி உண்டு, கீழே சொல்கிறோம்.

சைனா ஆஸ்டர்: பெங்களூருவைச் சுற்றி வணிகரீதியாகப் பயிராகும் பூ. ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காமினி, பூர்ணிமா, சஷாங்க் போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு: ஒரு முறை பூத்து ஓயும் செடி இது. வெட்டினால் திரும்பத் திரும்ப வராது. அதனால் இரண்டு வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பது நல்லது.

உங்க ஊர்ல எப்போ விதைக்கணும்?

விதை உறையின் பின்னால் அச்சடித்திருக்கும் காலண்டர் உங்கள் ஊருக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பிரிவாகப் பிரித்துக்கொண்டால் எளிது. வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜின்னியா, காஸ்மோஸ் நான்கும் வெப்பம் தாங்குபவை. ஹெலிக்ரைசம், ஸ்டாட்டிஸ், ஆஸ்டர் மூன்றும் குளிர் விரும்புபவை.

டெல்லி, லக்னோ போன்ற வட இந்திய நகரங்கள்: குளிர் விரும்பிகளைச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபருக்குள் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். வெப்பம் தாங்குபவற்றை பிப்ரவரி, மார்ச்சிலும், பிறகு ஜூன், ஜூலையிலும் விதைக்கலாம்.

பெங்களூரு: வெப்பம் தாங்குபவை கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் வரும். கனமழை மாதங்களில் மட்டும் கூரைக்கு அடியில் வையுங்கள். குளிர் விரும்பிகளுக்கு செப்டம்பர், அக்டோபர் ஏற்றது.

புனே, ஹைதராபாத்: ஜூன், ஜூலையில் வெப்பம் தாங்குபவை. மழை ஓய்ந்ததும் அக்டோபரில் குளிர் விரும்பிகள்.

மும்பை, சென்னை: கடலோர ஈரப்பதம்தான் இங்கே பிரச்சினை. மும்பையில் பருவமழை முடிந்து அக்டோபர், நவம்பரிலும், சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசி, ஜனவரியிலும் விதைக்கலாம். முதல் வருடம் ஸ்டாட்டிஸ் பக்கம் போகாமல் வாடாமல்லியோடும் கோழிக்கொண்டையோடும் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெயில், தொட்டி, மண்

விதை வாங்குவதற்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் உங்கள் பால்கனியில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று பாருங்கள். இந்தப் பூக்களுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரமாவது வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து போவதால், தெற்குப் பார்த்த பால்கனிக்கு அப்போது நல்ல வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த பால்கனிக்குக் குளிர்காலத்தில் நேரடி வெயிலே வராது. அப்படி இருந்தால் மொட்டைமாடியில் இடம் கிடைக்குமா என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டி அல்லது குரோ பேக் போதும். அதில் ஜின்னியா, வாடாமல்லி என்றால் இரண்டு, மூன்று செடிகள் வைக்கலாம். செம்மண், ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். செடி நன்றாக வர வேண்டும் என்று உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க. தழைச்சத்து அதிகமானால் இலை தளதளவென்று வரும், பூ குறையும், தண்டு வலுவில்லாமல் சாயும்.

விதை வாங்கும்போது உறையில் சோதனைத் தேதி, முளைப்புத்திறன் சதவீதம் இரண்டையும் பாருங்கள். பழைய விதை முளைக்காமல் போவதற்கு உங்கள் கை ராசியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. 'எஃப்-1' என்று போட்டிருந்தால் அது ஒட்டு ரகம். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதை தாய்ச் செடி போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த வருடத்துக்கு விதை சேமிக்க ஆசை இருந்தால் சாதாரண ரகமே வாங்குங்கள்.

ஜின்னியா, காஸ்மோஸ் விதைகளை நேரடியாகத் தொட்டியிலேயே அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாக ஊன்றலாம். ஒரு வாரத்தில் முளைக்கும். வாடாமல்லி விதையை ஓர் இரவு ஊறவையுங்கள், முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சின்னது, மேலே லேசாக மண் தூவினால் போதும். ஹெலிக்ரைசம் முளைக்க வெளிச்சம் தேவை, அதனால் மூடாமல் மண்ணோடு அழுத்திவிட்டு ஸ்பிரேயரால் தண்ணீர் தெளியுங்கள்.

விண்வெளியில் ஒரு ஜின்னியா கற்றுக்கொடுத்த பாடம்

தண்ணீர் விஷயத்தில் நாசாவே தடுமாறியிருக்கிறது. 2015-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜின்னியா வளர்த்தார்கள். டிசம்பரில் காற்றோட்டம் போதாமல் ஈரம் தேங்கி, இலைகளில் பூஞ்சை பிடித்தது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள், பிறகு செடிகள் அளவுக்கு மீறிக் காய ஆரம்பித்தன. அட்டவணைப்படி தண்ணீர் விடுவதற்குப் பதிலாக, செடியைப் பார்த்து நானே முடிவு செய்கிறேன் என்றார் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி. சில செடிகள் செத்தன, சில பிழைத்தன. 2016 ஜனவரியில் பூத்த ஜின்னியாவின் படத்தை அவர் வெளியிட்டார்.

உங்கள் பால்கனிக்கும் அதே விதிதான். 'தினமும் ஒரு மக்' என்று கணக்கு வைக்காமல், விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். இதைக் கடைப்பிடித்தாலே ஜின்னியா இலையில் மாவு தூவியது போல் வரும் சாம்பல் நோய் பாதி குறையும். மாவுப்பூச்சியோ அசுவினியோ தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

எப்போது வெட்டணும்?

இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும் நேரம் வேறு.

ஜின்னியா: பூவுக்கு ஒரு முக்கால் அடி கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முதிரவில்லை. தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். வெட்டிய பிறகு இது மேற்கொண்டு விரியாது.

காஸ்மோஸ்: இதற்கு நேர்மாறு. மொட்டு விரிய ஆரம்பிக்கும்போதே வெட்டுங்கள், ஜாடியில் மலரும்.

வாடாமல்லி: உருண்டை முழு நிறம் வந்து, தண்டு விறைத்ததும்.

கோழிக்கொண்டை: அடிப்பகுதியில் கறுப்பு விதைகள் உருவாவதற்கு முன்பு. தாமதித்தால் உலர்ந்த பின் வீடெல்லாம் விதை உதிரும்.

ஹெலிக்ரைசம்: வெளிவரிசை இரண்டு, மூன்று மட்டும் விரிந்து, நடு மொட்டு மூடியிருக்கும்போது. உலரும்போதும் இது விரிந்துகொண்டே போகும். முழுதாக மலர்ந்த பிறகு வெட்டினால் பின்னுக்கு மடங்கிவிடும்.

ஸ்டாட்டிஸ்: கொத்தில் முக்கால்வாசி விரிந்த பிறகு.

ஜாடிக்கு என்றால் அதிகாலையில் வெட்டுங்கள். உலர்த்துவதற்கு என்றால் பனி ஈரம் காய்ந்ததும் வெட்டுங்கள். பூவுக்குக் கீழே ஒட்ட வெட்டாமல், தண்டு நீளமாக வருமாறு ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். புதுக் கிளை வருவது அந்தக் கணுவிலிருந்துதான்.

ஜாடியை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது, அழுகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, தண்டின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். டைனிங் டேபிளில் வாழைப்பழம், மாம்பழத்துக்குப் பக்கத்தில் பூ ஜாடியை வைக்காதீங்க. பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும். ஜின்னியாவை ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், குளிர் தாங்காமல் கறுத்துவிடும்.

எப்படி உலர்த்துவது?

தொங்கவிடும் முறை: வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஹெலிக்ரைசம், ஸ்டாட்டிஸ் நான்குக்கும் இதுவே போதும். இலைகளை உருவிவிட்டு, பத்துத் தண்டுகளை ஒரு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். நூலால் கட்டினால், தண்டு காய்ந்து சுருங்கும்போது நழுவிவிடும். வெளிச்சம் படாத, காற்று நடமாடும் இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தலைகீழாக ஏன்? ஈரமாக இருக்கும்போது நிமிர்த்தி வைத்தால் பூவின் கனத்தில் தண்டு வளைந்து, அப்படியே காய்ந்துவிடும். இருட்டு ஏன்? வெளிச்சம் நிறமியைச் சிதைக்கும். இரண்டு, மூன்று வாரம் ஆகும். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் தயார்.

டெல்லியில் மார்ச், ஏப்ரல் மாத வறண்ட காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மும்பையின் ஜூலையில் நடக்கவே நடக்காது, பூஞ்சைதான் பிடிக்கும். ஈரமான ஊரில் இருக்கிறீர்கள் என்றால் ஏசி ஓடும் அறையின் அலமாரிப் பக்கம் தொங்கவிடுங்கள். ஏசி அறையின் ஈரத்தையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது.

சிலிக்கா ஜெல் முறை: ஜின்னியா, செண்டுமல்லி, ரோஜா போன்ற இதழ்ப் பூக்களுக்கு இது. மூடியுள்ள டப்பாவில் மணல் போல் நுண்ணிய சிலிக்கா ஜெல்லை ஓர் அங்குலம் பரப்பி, தண்டைக் குட்டையாக வெட்டிய பூவை மேல்நோக்கி வைத்து, இதழ்களுக்கு இடையே போகும்படி மெதுவாகத் தூவி மூடிவிடுங்கள். நான்கிலிருந்து ஏழு நாளில் பூ வடிவம் மாறாமல் காய்ந்திருக்கும். தூசி மூச்சில் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நீல நிறச் சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருக்கும், அதைத் தவிர்த்து வெள்ளை அல்லது ஆரஞ்சு வாங்குங்கள். இந்த டப்பாவைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீங்க.

உலர்ந்த பூவுக்கு எதிரிகள் இரண்டுதான்: நேரடி வெயில், ஈரம். ஜன்னல் ஓரத்திலும் பாத்ரூமிலும் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

இதில் காசு பார்க்க முடியுமா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி. இந்தியா ஏற்றுமதி செய்யும் மலர்ப் பொருட்களில் உலர்மலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தூத்துக்குடியும் கொல்கத்தாவும் அந்தத் தொழிலின் முக்கிய மையங்கள். லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், உலர்மலர்களில் வாழ்த்து அட்டை, அலங்காரப் பொருட்கள் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கிப் பயிற்சியும் அளித்திருக்கிறது. ஆனால் அந்த வணிகம் டன் கணக்கில் நடப்பது. உங்கள் நான்கு தொட்டிகளை அதோடு ஒப்பிட வேண்டாம். நண்பரின் கல்யாணத்துக்கோ புதுமனைப் புகுவிழாவுக்கோ நீங்களே வளர்த்த ஒரு கொத்து கொடுக்கலாம், அந்த அளவுக்கு இது நிச்சயம் கைகொடுக்கும்.

அப்படிக் கொடுப்பது புது வழக்கமும் இல்லை. டார்ஜிலிங், சிக்கிமில் வாழும் நேபாளி மொழி பேசும் குடும்பங்களில், தீபாவளியை ஒட்டி வரும் 'பாய் டிகா' நாளில் சகோதரிகள் சகோதரர்களின் கழுத்தில் மாலை போடுவார்கள். அதற்கு அவர்கள் தேடும் பூ 'மகமலி'. நம் வாடாமல்லியேதான். வாடாத பூ என்பதால் உறவும் வாடாது, ஆயுளும் நீளும் என்பது நம்பிக்கை.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு குரோ பேக், ஒரு பாக்கெட் வாடாமல்லி விதை, ஒரு பாக்கெட் ஜின்னியா விதை. முதல் சுற்றுக்கு இது போதும். ஜின்னியா இரண்டு மாதத்தில் பூத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்கும், வாடாமல்லி அதற்கு அடுத்த மாதம் வரும். முதல் பூ வந்ததும் போட்டோ எடுங்க, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அடுத்த நாள் காலையில் மறக்காமல் வெட்டிவிடுங்க.